வாசகர் கேள்வி–பதில்: இரவு அலைக்கரையில் லீடரும் முள்ளும்

அலையடிக்கும் கரையில் நின்று இரவில் தூண்டில் வீசுகிறவர்களின் கடிதங்களுக்கே இந்த முறை பக்கம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை, வெவ்வேறு சொற்களில், தூண்டில் நரம்பு அறுந்து போகிறது என்ற ஒரே முறையீட்டைத்தான் சொல்கின்றன. நரம்பு என்றைக்காவது அறுந்தே தீரும். ஆனால் எந்த இடத்தில், எந்த நேரத்தில் அது அறுபட வேண்டும் என்பதை, கட்டும்போதே நாம் பெரும்பாலும் முடிவு செய்துவிட முடியும். கீழே வரும் பதில்களில் இந்த எண்ணம் திரும்பத் திரும்பத் தலைகாட்டினால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: பகலில் ஒழுங்காக வீசுகிறேன். இரவில் மட்டும், வீசும் வேகத்திலேயே நரம்பு அறுந்து ஈயம் தனியே பறந்துவிடுகிறது. நான் பயன்படுத்துவது 0.20 மி.மீ. பிரெய்டு (பின்னல் நரம்பு), 12 கிலோ தாங்கும் என்று உறையில் போட்டிருக்கிறது. 125 கிராம் ஈயத்தை அது தாங்காதா?

பதில்: தொங்கவிட்டால் தாங்கும். வீசும்போது நிலைமை வேறு. அசையாமல் கிடக்கும் ஈயத்தை ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் நீங்கள் பெரும் வேகத்துக்குக் கொண்டு போகிறீர்கள். அந்த நேரத்தில் நரம்பின் மேல் விழும் இழுப்பு ஈயத்தின் எடையைப் போலப் பல மடங்காக இருக்கும். நைலான் நரம்பு என்றால் சற்று நீண்டுகொடுத்து அந்த அடியில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். பிரெய்டு ஏறக்குறைய நீளவே நீளாது என்பதால், முழு அடியும் முடிச்சின் மேலோ, கம்பின் வளையத்தைத் தொடும் இடத்திலோ, உங்கள் விரலின் மேலோ போய் விழுகிறது. இதற்காகத்தான் ரீல் நரம்புக்கு முன்னால் ஷாக் லீடர் என்று தடித்த நைலான் நரம்பைச் சேர்க்கிறோம்.

எவ்வளவு தடிப்பு வேண்டும் என்பதற்குக் கரைத்தூண்டில்காரர்களிடம் பழைய கணக்கு ஒன்று உண்டு. ஈயத்தின் ஒவ்வொரு 28 கிராமுக்கும் லீடரில் 4.5 கிலோ தாங்கு திறன் இருக்க வேண்டும் என்பதே அது. உங்கள் 125 கிராமுக்கு 20 கிலோ. 150 கிராமுக்கு ஏறத்தாழ 24 கிலோ. நைலானில் இது சுமார் 0.60 முதல் 0.70 மி.மீ. வரை தடிப்புள்ள நரம்பாக அமையும். ஈயத்தோடு சேர்ந்து இரையும் பறக்கிறது என்பதால், பெரிய இரை வைக்கிறவர்கள் அந்த எடையையும் கூட்டிக்கொள்வது நல்லது. நீளத்தைப் பொறுத்தவரை, வீசத் தொடங்கும் நிலையில் ஈயம் தொங்கும் தொலைவு, கம்பின் முனையிலிருந்து ரீல் வரையுள்ள தொலைவு, அதன் பிறகு ஸ்பூலில் (ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளை) 5 அல்லது 6 சுற்று ஆகிய மூன்றும் லீடராகவே இருக்க வேண்டும். 4 மீட்டர் கம்புக்கு 8 மீட்டர் லீடர் என்று வைத்துக்கொண்டால் குறைவு வராது. வீச்சின் அடி முழுவதையும் தடித்த நரம்பே வாங்கிக்கொள்ளும். மெல்லிய நரம்பு அதற்குப் பிறகுதான் ஸ்பூலை விட்டுக் கிளம்பும்.

இரவில் மட்டும் ஏன் அறுகிறது என்ற கேள்விக்கு எனக்குத் தோன்றும் பதில் இன்னும் எளிமையானது. கம்பின் முனையில் நரம்பு ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டிருப்பதைப் பகலில் கண் பார்த்துவிடுகிறது, இரவில் பார்ப்பதில்லை. ஈயத்தைத் தொங்கவிட்டதும் கம்பைச் சாய்த்து, முனையைக் கைக்கெட்டும் தொலைவுக்குக் கொண்டுவந்து, நரம்பு வளையத்துக்குள் நேராக ஓடுகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கூடவே, லீடரின் கடைசி 2 மீட்டரைக் கட்டைவிரல் நகத்துக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே மெல்ல இழுத்துப் பாருங்கள். கிளிஞ்சலிலும் பாறையிலும் உரசிய இடம் நகத்தில் சொரசொரவென்று பிடிக்கும். விரல் குளிரில் மரத்துப் போயிருந்தால் உதடுகளுக்கு இடையே இழுத்துப் பார்ப்பவர்களும் உண்டு. விளையாட்டாகத் தோன்றினாலும், நகம் தவறவிடும் சிறு கீறலை உதடு தவறவிடுவதில்லை.

இந்தச் சோதனையைச் செய்யாமல் நான் ஒரு முறை வீசினேன். லீடரில் இருந்த கீறல் சரியாக ஸ்விவலுக்கு (நரம்புகளை இணைக்கும் சுழல் வளையம்) ஒரு சாண் மேலே இருந்தது. கம்பு வளைந்து நிமிர்ந்த நொடியில் துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். கம்பு கையில் இலேசாகிவிட்டது. ஈயம் கடலுக்குள் போனதா, கரையோரமாகப் போனதா என்று இன்று வரை தெரியாது. பக்கத்தில் ஆள் இல்லாதது என் திறமையால் நேர்ந்ததன்று. 125 கிராம் ஈயம் அந்த வேகத்தில் ஒருவர் தலையில் பட்டால் உயிருக்கே ஆபத்து. நரம்பு எங்கே வேண்டுமானாலும் அறுபடலாம், ஆனால் வீச்சில் மட்டும் அறுபடக் கூடாது. இந்தப் பக்கத்தில் மற்ற எதையும் வாதத்துக்கு விடலாம், இதை விட முடியாது.

கேள்வி: பிரெய்டையும் லீடரையும் சேர்க்க எந்த முடிச்சு நல்லது? எஃப்.ஜி. முடிச்சுதான் சிறந்தது என்கிறார்கள். இருட்டில், காற்றில், அதைக் கட்ட முடியவில்லை.

பதில்: முடியாதுதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எஃப்.ஜி. முடிச்சில் பிரெய்டை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு, லீடரை மாற்றி மாற்றிக் குறுக்கே செலுத்தி, இருபது முறை அளவுக்குப் பின்னுகிறோம். லீடர் எங்குமே மடங்குவதில்லை என்பதால் முடிச்சு மெல்லியதாக, வளையங்களில் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும். பின்னலின் நடுவில் இழுப்பு ஒரு நொடி தளர்ந்தாலும் எல்லாம் அவிழ்ந்துவிடும் என்பதுதான் அதன் குறை. அதை வீட்டில், நல்ல வெளிச்சத்தில், கட்டி முடித்துக்கொண்டு கரைக்குப் போங்கள்.

கரையில் லீடர் போய்விட்டால் ஆல்பர்ட்டோ முடிச்சை நான் பரிந்துரைப்பேன், ஏனென்றால் அதை விரல்களே கட்டிவிடும். லீடரின் நுனியை மடித்து ஒரு நீண்ட காதாக இடக்கையில் பிடித்துக்கொள்ளுங்கள். பிரெய்டைக் காதுக்குள் நுழைத்து, காதின் இரு இழைகளையும் சேர்த்து 7 சுற்றுக் கீழ்நோக்கிச் சுற்றி, அதன் மேலேயே 7 சுற்றுத் திரும்பி வந்து, நுழைந்த பக்கமாகவே பிரெய்டை வெளியே எடுங்கள். சுற்றுகளை எண்ணக் கண் தேவையில்லை; ஒவ்வொரு சுற்றுக்கும் பிடித்திருக்கும் விரலை ஒரு முறை பிரெய்டு உரசிக்கொண்டு போகும். நுழைந்த பக்கமாகவே வெளியே வந்ததா என்பது மட்டும் இருட்டில் தவறிப்போகும் இடம். அதைத் தவறவிட்டால் முடிச்சு இறுகுவது போலத் தோன்றி, பலமாக இழுத்ததும் வழுக்கிவிடும். எச்சில் தொட்டு மெல்ல இறுக்குங்கள். காய்ந்த நரம்பை வெடுக்கென்று இழுத்தால் உராய்வின் சூடே அதைப் பலவீனப்படுத்திவிடும். ஈரமாக்காத முடிச்சைப் பார்த்தாலே தெரியும்: இறுகிய இடத்துக்குப் பக்கத்தில் நரம்பு சுருண்டு, பளபளப்பு இழந்து, வெளுத்திருக்கும்.

ரீலில் பிரெய்டு இல்லாமல் 0.35 மி.மீ. நைலான் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிரமமே இல்லை. தடித்த லீடரின் நுனியில் ஒரு சாதாரண முடிச்சைத் தளர்வாகப் போட்டு, அதன் வழியே மெல்லிய நரம்பை நுழைத்து, லீடரைச் சுற்றி 6 சுற்று யூனி முடிச்சாகக் கட்டி, இரண்டையும் ஒன்றோடொன்று இழுத்துச் சேர்த்தால் போதும். இரவில் கற்றுக்குட்டிக்கு எது வேண்டும் என்று கேட்டால் நான் நைலானையே சொல்வேன். வீச்சின் தொலைவு சற்றுக் குறையும். ஆனால் இருட்டிய பிறகு மீன்கள் பல கரையை ஒட்டியே இரை தேடி வருவதால், அந்தத் தொலைவு பெரும்பாலும் வேண்டியதும் இல்லை. பிரெய்டு சிக்கினால் இருட்டில் அதைப் பிரிப்பதற்குள் விடிந்துவிடும்.

முடிச்சைக் கட்டியதோடு வேலை முடிவதில்லை. ஸ்பூலில் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். ஸ்பின்னிங் ரீலில் முடிச்சு ஸ்பூலின் அடிப்பக்கத்தில், அதாவது உங்கள் பக்கமாக, இருந்தால் மேலே வரும் சுற்றுகள் அதில் மாட்டிக்கொள்ளாது. கட்டைவிரலால் ஸ்பூலை அழுத்திப் பிடிக்கும் மல்ட்டிபிளையர் ரீலில், விரல் படாத ஓரத்தில் முடிச்சை ஒதுக்கிச் சுற்றுங்கள். தவறினால் முடிச்சின் வெட்டு நுனி கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டு போகும்.

கேள்வி: இரவில் மீனுக்கு நரம்பு தெரியாது என்னும்போது, ஃபுளோரோகார்பன் நரம்பு வாங்குவது வீண்செலவுதானே?

பதில்: தெரியாமல் இருப்பதற்காக மட்டும் வாங்குகிறீர்கள் என்றால், இரவில் அதன் பயன் குறைவுதான். ஃபுளோரோகார்பனின் ஒளிவிலகல் எண் சுமார் 1.42, தண்ணீருடையது 1.33. நைலான் 1.5-ஐத் தாண்டி நிற்பதால் தண்ணீரில் அதைவிடத் தெளிவாகத் தெரியும். ஒளியே இல்லாத இடத்தில் இந்த வேறுபாட்டுக்கு வேலை இல்லை. முழுநிலவு நாளும், கரைவிளக்குகளின் வெளிச்சம் விழும் இடமும் இதற்கு விலக்கு.

ஆனால் அதற்கு வேறு இரண்டு குணங்கள் உண்டு. அவை இரவையும் பகலையும் பார்ப்பதில்லை. நைலான் தண்ணீரை உறிஞ்சி மெல்ல மெல்ல மிருதுவாகிறது. ஃபுளோரோகார்பன் உறிஞ்சுவதில்லை என்பதால் மணிக்கணக்கில் கிடந்தாலும் அதே விறைப்போடு இருக்கும். அடர்த்தியும் வேறு: நைலான் 1.14, ஃபுளோரோகார்பன் 1.78. அதனால் முள் நரம்பு, அதாவது முள்ளைக் கட்டும் கடைசித் துண்டு, தரையோடு படிந்து கிடக்கும். முள்ளுக்கு மேலே உள்ள அரை மீட்டருக்கு மட்டும் 0.50 மி.மீ. ஃபுளோரோகார்பன், ஷாக் லீடருக்கு நைலான் என்பது என் வழக்கம். ஷாக் லீடர் சற்று நீண்டுகொடுக்க வேண்டியது. அந்த வேலைக்கு விறைப்பான நரம்பு எதற்கு?

சில இரவுகளில் கடல் ஒளிரும். நாக்டிலூகா போன்ற நுண்ணுயிர்கள் நிறைந்திருக்கும்போது, தண்ணீரில் அசையும் எதுவும் நீல ஒளியை உண்டாக்கும். அலை இழுக்கும்போதெல்லாம் நரம்பு ஒளிக்கோடாகத் தெரிவதை அப்போது கரையிலிருந்தே பார்க்கலாம். அந்த இரவுகளில் எந்த நரம்பும் மறையாது. அசையாமல் கிடக்கும் குட்டையான முள் நரம்பும், நன்றாகப் பிடித்து நிற்கும் ஈயமும் மட்டுமே கொஞ்சம் உதவும் என்பது என் எண்ணம்.

கேள்வி: ரீலைச் சுற்றி எடுக்கும் ஒவ்வொரு முறையும் முள் நரம்பு லீடரோடு முறுக்கிக்கொண்டு கயிறாகி வருகிறது. ஓடும் ஈயம் வைத்துக் கட்டுகிறேன். முள் நரம்பு ஒரு மீட்டர். மீன் கடித்ததே தெரிவதில்லை.

பதில்: குற்றம் அந்த ஒரு மீட்டரில் இருக்கிறது. ஈயம் முன்னால் பறக்க, இரை பின்னால் சுழன்றுகொண்டே போகிறது. முள் நரம்பு எவ்வளவு நீளமோ அவ்வளவு பெரிய வட்டமாகச் சுழலும். சுழன்று சுழன்று லீடரில் ஏறிக்கொள்ளும். தண்ணீரில் விழுந்த பிறகு அலை மீதி வேலையை முடித்துவிடும். பகலில் இழுத்துப் பார்த்துச் சிக்கைக் கண்டுபிடிப்பீர்கள். இரவில் சிக்கிய முள்ளை ஒரு மணி நேரம் கடலில் ஊறப்போட்டுக் காத்திருப்பீர்கள்.

ஓடும் ஈயக் கட்டில் உறுப்புகள் ஐந்தே. லீடரில் ஓடும் சறுக்கி, அதன் கொக்கியில் ஈயம், அடுத்து ஒரு மணி (துளையுள்ள பாசி), அடுத்து ஸ்விவல், அதிலிருந்து முள் நரம்பு. சறுக்கி நேரே ஸ்விவலின் முடிச்சில் மோதாமல் தடுப்பதே மணியின் வேலை. அதை விட்டுவிட்டால் நாலைந்து வீச்சில் முடிச்சு நசுங்கிவிடும். முள் நரம்பை 30 செ.மீ. ஆகக் குறைத்துப் பாருங்கள். பெரிய இரை, கனமான முள் என்றால் 20 செ.மீ. கூடப் போதும். நரம்பின் தடிப்பையும் கூட்டுங்கள். விறைத்த நரம்பு விலகி நிற்கும், மெல்லிய நரம்பு போய் ஒட்டிக்கொள்ளும். இரையை முள்ளின் தண்டோடு சேர்த்து மீள்நூலால் சுற்றிக் கட்டினால், அது துடுப்பு போலச் சுழல்வதும் குறையும். நண்டு பிய்த்துப் போவதும் தாமதமாகும்.

சிறிய மீன்களுக்கு இரண்டு முள் வேண்டும் என்றால் ஈயத்தை அடியில் கட்டி, முட்களைப் பக்கக் கிளைகளாக விடும் கட்டே இரவுக்கு ஏற்றது. இதில் ஒரு கணக்கு உண்டு. இரண்டு கிளைகள் தொடங்கும் இடங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, அந்த இரண்டு கிளைகளின் நீளத்தையும் கூட்டினால் வருவதைவிடச் சற்று அதிகமாக இருந்தால், ஒரு முள் மற்றொன்றை எட்டவே முடியாது. எட்டாதவை சிக்குவதும் இல்லை. கிளைகள் 20 செ.மீ. என்றால் இடைவெளி 45 செ.மீ.; கீழ்க்கிளைக்கும் ஈயத்துக்கும் நடுவே 25 செ.மீ.; மேல்கிளைக்கு மேலே 20 செ.மீ. விட்டு ஸ்விவல். மொத்தம் 90 செ.மீ. நடு நரம்பு 0.70 மி.மீ., கிளைகள் 0.45 மி.மீ. என்று தடிப்பில் வேறுபாடு இருக்கட்டும். பாறையில் கிளை மாட்டினால் அந்தக் கிளை மட்டும் அறுபட்டு, மற்றதெல்லாம் கைக்கு வரும்.

கிளையைத் தொடங்க, நடு நரம்பையே மடித்து முடியும் டிராப்பர் காது போடுவது எளிது. ஆனால் அது நடு நரம்பைப் பலவீனப்படுத்துகிறது, கிளையும் சுழல முடிவதில்லை. ஒரு சிறிய ஸ்விவலை நடு நரம்பில் கோத்து, இருபுறமும் மணி வைத்து, அவற்றுக்கு வெளியே நூலால் தடை முடிச்சுப் போடுங்கள். வீட்டில் பத்து நிமிட வேலை. கிளை தன் போக்கில் சுழன்றுகொண்டிருக்கும்.

கேள்வி: ஒளிரும் மணி, ஒளிக்குச்சி இவற்றையெல்லாம் முள்ளுக்கு மேலே மாட்டலாமா?

பதில்: ஒரு ஒளிரும் மணியை முள்ளுக்கு மேலே வைத்துப் பார்க்கலாம், டார்ச் வெளிச்சத்தைக் காட்டிய பிறகு சில நிமிடம் நன்றாக ஒளிர்ந்து, பிறகு மங்கிவிடும். ஒளிக்குச்சியை நான் கம்பின் முனையில் மட்டுமே கட்டுகிறேன். முள்ளுக்கு அருகே கட்டியபோது, கூர்ப்பல் மீன்கள் இரையை விட்டுவிட்டுக் குச்சியைக் கடித்தன. கடித்த இடத்தில் நரம்பும் இருந்தது.

கேள்வி: பல்லுள்ள மீன் வந்து நரம்பைக் கடித்துவிடுகிறது. கம்பி வைத்தால் மற்ற மீன்கள் வராது என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: பகலில் அந்தப் பேச்சில் உண்மை இருக்கலாம். இரவில் கம்பி வைத்ததால் மீன் வரவில்லை என்று நான் நினைத்ததில்லை. முதலில் எது அறுக்கிறது என்று அறுந்த நுனியைத் தடவிப் பாருங்கள். கத்தியால் வெட்டியது போல நேராக இருந்தால் சீலா போன்ற கூர்ப்பல் மீன். நுனிக்கு மேலே நீண்ட தூரம் சொரசொரத்து, தேய்ந்து போயிருந்தால் பல் அறுக்கவில்லை. சுறாவின் தோலோ பாறையோ அரைத்திருக்கிறது. நுனியில் பன்றிவால் போலச் சுருள் இருந்தால் உங்கள் முடிச்சு வழுக்கியிருக்கிறது. மீனைத் திட்ட வேண்டாம்.

முதல் வகைக்குக் கம்பி வேண்டும்; 15 முதல் 30 செ.மீ. போதும். ஒற்றைக் கம்பி மெல்லியது, ஆனால் ஒரு முறை மடங்கினால் அந்த இடத்தில் ஒடியும். பல இழைக் கம்பி வளைந்துகொடுக்கும். ஒற்றைக் கம்பியை முள்ளில் கட்டுவதற்கு ஹேவயர் முறுக்கு உண்டு: இரண்டு கம்பிகளும் சம அளவில் ஒன்றையொன்று சுற்றுமாறு மூன்று நான்கு முறுக்கு, அடுத்து நுனியை மட்டும் நெருக்கமாக ஐந்தாறு சுற்று. மிச்ச நுனியை வெட்டுக்குறட்டால் வெட்டாதீர்கள். அதைக் கைப்பிடி போல மடித்து, முன்னும் பின்னும் ஆட்டுங்கள். சுற்றோடு ஒட்டி ஒடிந்து வழவழப்பாக நிற்கும். குறட்டால் வெட்டிய நுனி ஊசியாக நீட்டிக்கொண்டிருக்கும். இருட்டில் மீனின் வாயருகே கை வைக்கும்போது முதலில் குத்துவது அதுதான். பல இழைக் கம்பிக்கு உலோகக் குழலை நசுக்கிப் பொருத்தும்போது, குழலின் இரு ஓரங்களையும் நசுக்காமல் விடுங்கள். நசுங்கிய ஓரமே கம்பியை அறுத்துவிடும்.

இரண்டாம் வகைக்குக் கம்பி மட்டும் போதாது. சுறா தன் உடலை நரம்பில் உரசிக்கொண்டு, வாலால் அடித்துக்கொண்டு ஓடும். அந்தத் தோல் உப்புத்தாள் போன்றது. கம்பிக்கு மேலே, எதிர்பார்க்கும் மீனின் நீளத்துக்குக் குறையாமல், 1 மி.மீ. அல்லது அதற்கும் தடித்த நைலான் வேண்டும்.

கேள்வி: வட்ட முள்ளுக்கு மாறினேன். கடி நன்றாகத் தெரிகிறது, வெட்டி இழுத்தால் முள் வெறுமனே வருகிறது. முள் எண்களும் குழப்புகின்றன: 4 பெரியதா, 4/0 பெரியதா?

பதில்: வெட்டி இழுப்பதால்தான் வெறுமனே வருகிறது. வட்ட முள்ளின் கூர்முனை உள்நோக்கித் தண்டைப் பார்த்து வளைந்திருப்பதால், வாய்க்குள் நேராக இழுத்தால் எங்கும் பதியாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். மீன் இரையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போகும்போது, வாயின் ஓரத்தை அடைந்த முள் அங்கே சுழன்று பதிகிறது. ஆகவே கம்பைத் தாங்கியிலேயே விட்டு, டிராக்கை (மீன் இழுத்தால் ரீல் நரம்பை விடும் பிடிமானம்) ஓரளவு இறுக்கி வைத்து, கம்பு வளைந்து அப்படியே நிற்கும் வரை காத்திருந்து, பிறகு நிதானமாகச் சுற்றத் தொடங்குங்கள். இருட்டில், கடியின் நொடியைக் கண்ணால் பிடிக்க முடியாத நேரத்தில், தானே மாட்டிக்கொள்ளும் முள் பெரிய உதவி. பெரும்பாலும் வாயின் ஓரத்திலேயே மாட்டுவதால், சிறிய மீனைக் காயமின்றித் திருப்பி விடுவதும் எளிது. கூர்முனைக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள வாயை இரையால் அடைத்துவிடாதீர்கள்.

கண் சாய்ந்த முள்ளை ஸ்னெல் முறையில், தண்டைச் சுற்றிக் கட்டுங்கள். நரம்பு கண்ணிலிருந்து கூர்முனை இருக்கும் பக்கமாக வெளியே வர வேண்டும்; அப்போது இழுத்தால் முள் திரும்பிக் குத்தும். கட்டியதும் விரலுக்குள் தளர்வாகப் பிடித்து நரம்பை இழுத்துப் பார்த்தால், முள் தலையைத் திருப்புவது உணர்வில் தெரியும்.

4/0 பெரியது. சாய்வுகோடு இல்லாத எண்களில் எண் கூடக் கூட முள் சிறுக்கும்: 8-ஐவிட 4 பெரியது, 4-ஐவிட 1 பெரியது. அதன் பிறகு 1/0, 2/0 என்று ஏறிக்கொண்டே போகும். ஸ்விவலுக்கும் இதே வழக்கம்தான்.

கேள்வி: மணலும் பாறையும் கலந்த கரை. ஒரு இரவுக்கு ஐந்தாறு ஈயம் போய்விடுகிறது. மெல்லிய நரம்பில் ஈயத்தைக் கட்டினால் ஈயம் மட்டும் போகும் என்று நண்பர் சொல்கிறார்.

பதில்: நண்பர் சொல்வது பாதி சரி. ஈயத்தை 4 கிலோ தாங்கும் நரம்பில் கட்டினால், ஈயம் பாறையில் சிக்கும்போது அந்த மெல்லிய இணைப்பு மட்டும் அறுபட்டு, முள்ளும் மீனும் திரும்பி வரும். அறுபட வேண்டிய இடத்தை நாமே குறித்துக் கொடுப்பது என்பது இதுதான். ஆனால் அதே மெல்லிய இணைப்பை வைத்து வேகமாக வீசினால், முதல் கேள்வியில் சொன்ன விபத்தை நீங்களே கட்டி வைத்தது போலாகும். இதற்கென்று ஒரு விடுவிப்புக் கொக்கி உண்டு: வீசும்போது ஈயம் தடித்த லீடரில் உள்ள கொக்கியில் தொங்கும், தண்ணீரில் மோதியதும் கழன்று, மெல்லிய இணைப்பில் வந்து நிற்கும். அந்தக் கொக்கி இல்லாமல் இந்தக் கட்டைப் பயன்படுத்தாதீர்கள்.

ஈயத்தைக் கடலில் விட மனமில்லாதவர்களுக்குப் புல்லி கட்டு இருக்கிறது. எனக்கு அதுவே பிடித்தது. சுமார் ஒன்றரை மீட்டர் நரம்பின் ஒரு நுனியில் முள், மறு நுனியில் ஈயம். நடுவில் அது ஒரு ஸ்விவலின் கண்ணில் தடையின்றி ஓடும். ஸ்விவலின் மறுகண்ணில் லீடர். மீன் மாட்டி முள் பக்கம் இழுக்கும்போது, ஈயம் ஸ்விவலை நோக்கி மேலே ஏறிப் பாறைக்கு எட்டாமல் வரும்.

வெறும் மணலில் கூம்பு ஈயம் நன்றாகப் பிடிக்கும். நீரோட்டம் பலமாக இருந்தால் கம்பிக்கால் உள்ள ஈயம் வேண்டும். பலமாக இழுத்ததும் கால்கள் மடங்கி விடுவித்துக்கொள்ளும். அமைதியான கடலுக்கு 85 முதல் 110 கிராம், இழுப்புள்ள கடலுக்கு 140 முதல் 170 கிராம் என்பது பொதுவான அளவு. உங்கள் கம்பில் எழுதியிருக்கும் வீச்சு எடையைத் தாண்ட வேண்டாம். சிறிய பிளவு ஈயங்களைப் பல்லால் கடித்து மூடும் பழக்கம் உள்ளவர்கள், ஈயம் நஞ்சு என்பதை நினைவில் வைத்துக் குறடைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: கரையில் நின்று கட்டுவதற்கே பாதி இரவு போய்விடுகிறது. எவற்றையெல்லாம் முன்கூட்டியே கட்டி வைக்கலாம்? லீடரை எத்தனை நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்?

பதில்: ஷாக் லீடரின் நுனியில் ஒரு ஸ்னாப் ஸ்விவல் இருந்தால், அதற்குக் கீழே உள்ள அனைத்தையும் பகலிலேயே கட்டி வைக்கலாம். நான் ஓர் இரவுக்கு எட்டு கட்டுகள் எடுத்துப் போகிறேன். ஒவ்வொன்றையும் தனித்தனி ஃபோம் உருளையில் சுற்றி, முள்ளை ஃபோமில் குத்தி, ஒரு ரப்பர் வளையம் போட்டிருந்தால் ஓடும் ஈயக் கட்டு, இரண்டு போட்டிருந்தால் இரட்டை முள் கட்டு, மூன்று போட்டிருந்தால் கம்பிக் கட்டு என்று வைத்திருக்கிறேன். பையில் கை விட்டதும் விரல் படித்துவிடும். இரவில் ஸ்னாப்பைத் திறந்து மூடுவது ஒன்றே வேலை. சிக்கிய கட்டைப் பிரித்துக்கொண்டு நிற்காமல் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, புதியதை மாட்டிவிடலாம். வெளிச்சம் வேண்டும் என்றால் சிவப்பு விளக்கைத் தலையில் கட்டி, கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ளுங்கள்.

லீடருக்கு நாள் கணக்கு கிடையாது. நகத்தில் கீறல் பட்டால், அந்த நொடியிலேயே கீறலுக்கு மேலே வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். வெட்டி வெட்டி ஸ்பூலில் 4 சுற்றுக்கும் குறைவாக வந்துவிட்டால் முழுவதையும் மாற்றுங்கள். பெரிய மீன் ஒன்றை இழுத்த பிறகு, கீறல் தெரியாவிட்டாலும், கடைசி ஒரு மீட்டரை நான் வெட்டிவிடுவேன். வெட்டிய நரம்பை மணலில் போடாதீர்கள். அது மக்குவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும், அதற்குள் பறவையின் காலிலோ ஆமையின் கழுத்திலோ சுற்றிக்கொள்ளும். சட்டைப் பையில் ஒரு மூடியுள்ள டப்பா வைத்திருங்கள். வீட்டில் அதைக் கத்தரிக்கோலால் சிறு துண்டுகளாக நறுக்கிய பிறகே குப்பையில் சேர்க்க வேண்டும்.